இரண்டு கிணறும் ஒரு கோலும்

1953 மார்ச் 9, திங்கட்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். டைரியில் முந்தின நாளுக்குக் கீழே கோடு போட்டுத் தேதி எழுதினேன். கொல்லையில் வைத்திருக்கும் மழைமானியைப் பார்த்தேன். பொங்கலுக்குப் பிறகு அதில் விழுந்தது ஒரு பல்லி மட்டும்தான். காபி, குளியல், செய்தித்தாள், ஆபீஸ். நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்த உடனே மேலதிகாரி கூப்பிட்டு, என்னை வெளிராஜ்யத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்.

வெளிராஜ்யம் என்றால் பர்மாவோ சீமையோ என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். திருவிதாங்கூர்-கொச்சி. அதிலும் நாகர்கோவிலுக்குப் பக்கத்தில், தெருநாய்கூடத் தமிழில் குரைக்கும் ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர்கள் எங்கள் ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. சேரும்வரைக்கும் அது அந்நிய பூமிதான் என்று கோயம்புத்தூரில் எங்கள் ஆபீஸ் கருதியது.

கிணறு பார்ப்பது என் உத்தியோகம். ஜோசியம் அல்ல. ஒரு கிணற்றில் என்ஜின் வைத்து இறைக்கும்போது பக்கத்துக் கிணற்றில் நீர் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியதும் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று அளந்து, மண்ணுக்கு அடியில் நீர் எவ்வளவு இலகுவாக நடமாடுகிறது என்று கணக்குப் போட வேண்டும். இதை ஒரு முறை சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. இரண்டாம் முறை சொல்வதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள்.

விவகாரம் இது. அந்தக் கிராமத்தில் கிறிஸ்தவ மிஷன் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. ஒரு நர்ஸ், நாலு கட்டில். பெரும்பாலும் பிரசவம். கிணற்றில் என்ஜின் வைத்துத் தொட்டியில் நீர் ஏற்ற அனுமதி கேட்டிருந்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் பூதலிங்கம் பிள்ளை, என்ஜின் வந்தால் தன் கிணறு வற்றிப்போகும் என்று தாசில்தாரிடம் மனு போட்டுவிட்டார். அந்த ராஜ்யத்திலேயே என்ஜினீயர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். ஒருவர் கோவிலுக்குப் போகிறவர் என்று மிஷன் வேண்டாம் என்றது; இன்னொருவர் சர்ச்சுக்குப் போகிறவர் என்று பிள்ளை வேண்டாம் என்றார். இரண்டு தரப்புக்கும் சமமாக யாரென்றே தெரியாத ஓர் ஆள் தேவைப்பட்டார். அந்தத் தகுதி என்னிடம் தாராளமாக இருந்தது.

என் மனைவி கப்பலேறுகிறவனை அனுப்புவதுபோல் அனுப்பினாள். காபிப் பொடி, ஃபில்டர், நாரத்தங்காய் ஊறுகாய், இருமல் மருந்து. பக்கத்து வீட்டு அம்மாள் வேலி வழியாக, அந்தப் பக்கத்தில் சோற்றில் மருந்து வைத்து மனிதனை அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள் என்று எச்சரித்தாள். என்னைப் போன்ற ஒருவனை எதற்காக நிறுத்திக்கொள்வார்கள் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி.

மார்ச் 10, செவ்வாய். ரயில் விட்ட இடத்திலிருந்து பஸ். என்னோடு என் கோலும் வந்தது. ஓர் ஆள் உயர மூங்கில். அடியில் தக்கை மிதப்பு, மேலே கறுப்பும் வெள்ளையுமாக அங்குலக் கோடுகள். கிணற்றில் விட்டால் மிதக்கும்; நீர் இறங்கினால் இறங்கும், ஏறினால் ஏறும். இதைவிட எளிமையான கருவி உலகத்தில் இல்லை. கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இது என்ன வித்தை காட்டுகிற சாமானா என்று கேட்டார். கிணறு அளக்க என்றேன். "ஓ, கம்பு வெச்சு ஊத்து பாக்குத சாரா" என்று அவரே தீர்ப்புச் சொல்லி, பஸ் முழுவதற்கும் அறிவித்துவிட்டார். அதன் பிறகு மூன்று பேர் தங்கள் தோட்டத்தில் எந்த மூலையில் தோண்டலாம் என்று கேட்டார்கள். ஒரு அம்மாள் மகளின் கல்யாணம் எப்போது கூடும் என்றும் கேட்டாள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பஸ்ஸை நிறுத்திவைத்துப் பேசியது. மேலே கட்டியிருந்த வாழைத்தார்களின் சருகெல்லாம் எங்கள் முகத்துக்கு வந்தது. அந்தச் சமயம் பார்த்து ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. ரோட்டோரத்தில் நிறைந்த குளம். நான் நிம்மதியாக உட்கார்ந்தேன். டிரைவரோ வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குளத்தைத் தாண்டி, கண்ணுக்கு எட்டாத ஒரு கிணற்றுக்குப் போனார். ஏன் என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"இந்தக் கொளத்து வெள்ளம் இந்த வண்டிக்குச் சேராது, சார்" என்றார்.

எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது. இங்கே குடிக்கிற தண்ணீருக்கே அதுதான் பெயர். முதல் நாளிலேயே பழகிவிடும். ஆனால் தண்ணீரில் தனக்கு ஆகிறது ஆகாதது பார்க்கும் மோட்டார் வண்டியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இன்னும் இரண்டு நாள் வைத்திருந்து பயன்படுத்தியிருக்கலாம்.

ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இரண்டு தரப்பும் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள். இரண்டும் நீளமாக இருக்கும்.

மார்ச் 11, புதன். பிள்ளை வீட்டில் நெல் போட்டுவைக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் எனக்கு இடம். தாசில்தார் ஆபீஸ் செய்த ஏற்பாடு. மனுதாரர் வீட்டிலேயே நடுநிலையாளரைத் தங்கவைத்ததில் யாருக்கும் கூச்சமில்லை. ஊரில் வேறு எங்கே தங்குவார் என்று சர்ச் உபதேசியார் சாமுவேலே சொன்னார்.

பூதலிங்கம் பிள்ளைக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை. என் ஃபில்டரைப் பார்த்ததும், அதை உள்ளே வைக்கச் சொன்னார். "நம்ம கிணத்து வெள்ளத்துல காப்பி போட்டுக் குடியும், சார்வாள். பொறவு சொல்லும்." குடித்தேன். நன்றாகவே இருந்தது. அந்தக் கிணற்றின் சரித்திரத்தை அப்போதுதான் சொன்னார். ஊர்ச் சிவன் கோவில் அபிஷேகத்துக்கு விடிந்ததும் முதல் குடம் அந்தக் கிணற்றிலிருந்துதான் போகும். பூஜை செய்கிற போற்றி தானே வந்து கோரிக்கொண்டு போவார். வேறு கிணற்றில் தொடமாட்டார். பிள்ளை குடும்பத்துக்கு நெல்லும் நிலமும் எத்தனை இருந்தாலும் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வைப்பது அந்தக் குடம்.

"நம்ம ஊத்து நேரே தாடகை மலையிலேருந்து வாறது. ஊருல வேற எந்தக் கிணத்துக்கும் இதுக்கும் ஒட்டும் கெடையாது, ஒறவும் கெடையாது" என்றார். அதே மூச்சில், "அவன் அங்க என்ஜின் வெச்சான்னா நம்ம வெள்ளம் பூரா அங்க போயிரும்" என்றும் சொன்னார்.

இரண்டையும் டைரியில் அடுத்தடுத்த வரிகளில் எழுதிக்கொண்டேன். அதற்குள் சாப்பாட்டு நேரம்.

அந்தச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் சோறு மல்லிகைப்பூபோல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இங்கே சம்பா அரிசி. சிவப்பு, ஒவ்வொன்றும் ஒரு சிறு கூழாங்கல். தீயல், அவியல், ஓலன், எல்லாவற்றிலும் தேங்காய் ஏதாவது ஒரு வேஷத்தில் வந்துவிடும். பிள்ளையின் மனைவி சிவகாமி அம்மாள் ரசம் ஊற்ற வந்தபோது, கம்பை வைத்து நான் என்னதான் பார்க்கப்போகிறேன் என்று கேட்டார். இலையைக் காட்டினேன். பிசையாத சம்பாச் சோற்றில் ரசம் விட்டால் ஊற்றிய இடத்தில் நிற்பதில்லை; பருக்கைகளின் இடுக்கு வழியாக ஓடி அடுத்த கரையில் தலை காட்டும். குழைந்த சோறாக இருந்தால் ஊற்றிய இடத்திலேயே குளம் கட்டிக்கொள்ளும். மண்ணும் இப்படித்தான்; பருமணல் என்றால் நீர் சுளுவாக நடக்கும், களிமண் என்றால் நிற்கும்; உங்கள் கிணற்றுக்கு அடியில் இருப்பது இந்தச் சோறா அந்தச் சோறா என்று பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். அம்மாள் இலையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், "அப்போ ரசம் ஓடத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இருபது வருட உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த முதல் மாணவி.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளையின் கிணற்றுக்கும் அதன் கிணற்றுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு, ஒரு முள்வேலி, இரண்டு மதம். நர்ஸ் ஞானபாய், நாற்பதை நெருங்குகிற பெண், வாளியும் கயிறுமாகக் கிணற்றடியில் நின்றார். இரண்டு பிரசவம் ஒரே நாளில் வந்தால் நீர் இறைப்பதா, குழந்தையை எடுப்பதா என்று ஆகிவிடுகிறதாம். போன மாதம் மிஷன் பெரியவர்கள் வந்து பார்த்துவிட்டு, ஈஸ்டருக்குள் தொட்டியும் குழாயும் வராவிட்டால் ஆஸ்பத்திரியை மூடி, அவரை நெய்யாற்றின்கரைப் பக்கம் மாற்றிவிடுவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். சனிக்கிழமை தாசில்தார் விசாரணை. ஈஸ்டருக்கு மூன்றரை வாரம்.

பிள்ளை வீட்டார் இங்கே வருவார்களா என்று கேட்டேன். வருவார்கள், எல்லா வீட்டாரும் வருவார்கள் என்றார் ஞானபாய். ஒரு செம்பில் தங்கள் கிணற்று நீரைக் கொண்டுவருவார்கள். மாத்திரையை இவர் கொடுப்பார், அதை விழுங்குவதற்கு வேண்டிய தண்ணீர் அங்கிருந்து வரும். பிரசவம் பார்க்க இவர் அங்கே போனால் கிணற்றடிக்குப் போகக் கூடாது. யாராவது தூரத்திலிருந்து கைக்கு ஊற்றுவார்கள். அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை இத்தனை மணிக்கு வந்தது என்பதுபோல் சொன்னார்.

உபதேசியார் சாமுவேல் வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், பிரசங்கக் குரல். மறுநாள் சோதனையில் என்ன தெரியப்போகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். "எங்க ஊத்து தனி, அவிய ஊத்து தனி, சார். ஆண்டவர் பிரிச்சு வெச்சதை என்ஜினு சேக்குமா?" காபி கொடுத்தார்கள். பிள்ளை வீட்டுக் காபிக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. இதையும் டைரியில் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 12, வியாழன். சோதனைக்கு என்ஜின் நாகர்கோவிலிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. வந்தது என்று சொல்வது மரியாதைக்கு. ஊருக்கு வெளியே வாய்க்கால் பாலத்தில் ஒரு சக்கரம் இறங்கி, என்ஜின் வயலைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. பிள்ளையின் ஆட்களும் உபதேசியாரின் ஆட்களும் ஒரே கயிற்றைப் பிடித்தார்கள். ஆனால் எதிரெதிர்த் திசையில். பிள்ளையின் ஆட்களுக்கு என்ஜின் வயலில் விழுவதில் ஆட்சேபம் இல்லை. "ஒத்து இழுங்க மக்கா, எழவு, யாருக்கு ஜெயம்னு பொறவு தாசில்தார் கச்சேரியில பாக்கலாம்" என்று வண்டிக்காரர் கெஞ்சினார். மாடுகள் மட்டும் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றன. கடைசியில் அவைதான் இழுத்தன.

ஏற்பாடு எளிது. ஆஸ்பத்திரிக் கிணற்றில் என்ஜின் ஓடும். பிள்ளையின் கிணற்றில் என் கோல் மிதக்கும். சோதனை முடியும்வரை அந்தக் கிணற்றில் யாரும் வாளி இறக்கக் கூடாது. போற்றி விடியற்காலையிலேயே தன் குடத்தைக் கோரிக்கொண்டு போயிருந்தார். வாய்க்காலில் நீர் விடுகிற முறை அன்று இல்லை என்பதையும் விசாரித்துக்கொண்டேன். கிணற்றுச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டேன். பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரில் பாதி சுற்றி நின்றது. வேலிக்கு அப்பால் மறுபாதி.

தோப்புக்கு அந்தப் பக்கம் என்ஜின் இருமியது, நின்றது, மறுபடி இருமி, ஓடத் தொடங்கியது. பிள்ளை வீட்டு அம்மாள் அனுப்பிய காபி என் கையில் ஆறுவதற்குள் கோல் இறங்க ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒரு கோடு. பிறகு இன்னொன்று. நான் அங்கும் இங்குமாக நடந்து இரண்டு கிணற்றையும் அளந்துகொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக் கிணறு நாலடி இறங்கி அதற்குமேல் இறங்க மறுத்து நின்றுவிட்டது. பிள்ளையின் கிணறு மூன்றேகால் அங்குலத்தில் நின்றது.

கிணறு பார்க்கிறவனுக்கு இதில் எல்லாமே இருந்தது. இரண்டு கிணறும் ஒரே மணற்படுகையில் உட்கார்ந்திருக்கின்றன. பழையாறு எந்தக் காலத்திலோ படுக்கை மாற்றிப் போனபோது விட்டுச்சென்ற மணல். அதில் நீர் எல்லாப் பக்கத்திலிருந்தும் அவ்வளவு சுளுவாக வந்து நிரப்புவதால்தான் இவ்வளவு இறைத்தும் பக்கத்துக் கிணறு இவ்வளவு கொஞ்சமாக இறங்குகிறது. களிமண்ணாக இருந்திருந்தால் அந்தக் கிணறு பாதாளத்துக்குப் போயிருக்கும், இந்தக் கிணற்றுக்குச் செய்தியே வந்திருக்காது. எங்கள் ஊரில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் பாறையும் இருட்டும்; இப்படி ஒரு மணலுக்கு நாங்கள் கோவில் கட்டியிருப்போம்.

பிள்ளைக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"பாத்தேரா சார்வாள்? எறங்கிச்சா இல்லியா? எழுதும். இப்பவே எழுதும். பூதலிங்கம் வெட்டிக்கு மனு போடுதான்னு சொன்னானுவ, எல்லாவனும் வந்து பாருங்கலே."

எல்லோரும் வந்து பார்த்தார்கள். அந்த எல்லோரிலும் கோவில் போற்றியும் ஒருவர். நடை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் நின்றிருந்தார். சிறிய உருவம், சிறிய குரல். கோலை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒரு சந்தேகம் என்றார்.

"சொல்லும் போத்தி" என்றார் பிள்ளை, வெற்றி பெற்றவரின் தாராளத்தோடு.

"அங்க எறைச்சா இங்க எறங்குதுன்னா, பிள்ளைவாள், அது இங்க வருமா, இது அங்க போகுமா?"

"இது அங்க போகும். அதைத்தானேய்யா நானும் ஒரு மாசமாச் சொல்லுகேன்."

"சரிதான். போற வழி உண்டும்னா வாற வழியும் அதுதானே. இல்ல, சாமிக்கு நாம எதைக் கொண்டு போறோம்னு எனக்கு ஒரு நிச்சயம் வேணும்லா."

பிள்ளை வாயிலிருந்த வெற்றிலையை மெல்ல மறந்தார். வேலிக்கு மேல் உபதேசியாரின் தலை தெரிந்தது; ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு மகிழ்ச்சி அந்த முகத்தில் இருந்தது. நேற்றுவரை ஆண்டவர் பிரித்துவைத்திருந்த ஊற்றுகளை அவர் அந்த நிமிஷமே சேர்த்துவிட்டார்.

"ஒரே வெள்ளம்தான், போத்தி. சந்தேகமே வேண்டாம்" என்றார் வேலிக்கு மேலிருந்து.

"கம்புல என்னவோ கோளாறு" என்றார் பிள்ளை.

மத்தியானத்தில் என்ஜினை நிறுத்தச் சொன்னேன். நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கோல் கரிக்கோட்டுக்கே திரும்பியிருந்தது. இந்த நல்ல செய்தியை வரவேற்க அங்கே யாருமில்லை.

மாலையில் பிள்ளை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். நீர் இறங்கியது வெயிலில் ஆவியாகப் போனதாக இருக்கலாமே என்றார். மத்தியானத்துக்குப் பிறகு வெயில் எந்தக் கருணையால் அதைத் திருப்பிக் கொடுத்தது என்று கேட்டேன். காற்று என்றார். அதற்கும் பதில் சொன்னேன். கடைசியில், இரண்டு கிணற்றுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும் என்றார். அப்படி எழுதினால் என்ஜினால் அவருக்கு நஷ்டமில்லை என்று ஆகிவிடும், மனு நிற்காது என்றேன்.

"மனுவும் ஜெயிக்கணும். சம்பந்தமும் இருக்கப்படாது. அப்படி ஒரு வழி இல்லியா சார்வாள்?"

இருக்கிறது, அதற்கு வேறு மண் வேண்டும் என்றேன்.

அவர் போனதும் ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். உபதேசியார் எனக்காகவே காத்திருந்தார். சனிக்கிழமை தாசில்தார் முன்னால் நான் அறிக்கையை உரக்க வாசிக்க வேண்டும்; ஒரே நீர் என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசித்தால் நல்லது; ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை அவர் பார்த்துக்கொள்வார். தலைப்பு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ஞானபாய் துணிகளை உலர்த்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசித் துணியையும் போட்டுவிட்டு எங்களிடம் வந்தார்.

"உபதேசியாரே, கச்சேரியில நாலு பேரு முன்னால அவிய மொகத்துல கரி பூசினா, அவிய மனுவ விட்டுருவாவளா? அதுக்குப் பொறவுதான் பிடிப்பாவ. திருவனந்தபுரம் வரைக்கும் வழக்குப் போகும். ஈஸ்டருக்கு என்னைய இங்கேருந்து அனுப்பிருவாவ. நீங்க ஜெயிச்ச கதைய பொறவு யாருகிட்ட சொல்லுவிய? இடுப்பு வலியில வந்து பூட்டுன கதவைத் தட்டுதவகிட்டயா?"

"உள்ளதைத்தானே அம்மா சொல்லப்போறேன்."

"உள்ளது எங்கயும் போகாது. மண்ணுக்கு அடியிலதானே கெடக்கு. எனக்கு இப்போ வெந்நி வைக்க வெள்ளம் வேணும்."

உபதேசியார் தலைப்பைக் கைவிடச் சம்மதித்தார். அவருக்கு அது பெரிய தபசு. கடைசியில், வீட்டில் மனைவியிடமாவது சொல்லலாமா என்று கேட்டார். "அக்காகிட்டச் சொன்னா சந்தைக்குச் சொன்னது மாதிரிதான்" என்றார் ஞானபாய். அந்த அனுமதியும் மறுக்கப்பட்டது. நல்ல பிரசங்கம் ஒன்று அன்று அந்தக் கிணற்றடியில் செத்தது.

மார்ச் 13, வெள்ளி. காலையில் அறிக்கையை எழுதி முடித்து, நடுநிலை தவறக் கூடாதென்று முதலில் பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். எல்லாம் அளவு, முடிவு இரண்டே வாக்கியம். இரண்டு கிணறும் ஒரே மணற்படுகையிலிருந்து நீர் பெறுகின்றன. அந்தப் படுகையில் நீர் மிக இலகுவாக நடமாடுவதால், காலையில் என்ஜின் ஓட்டுவதால் மனுதாரர் கிணற்றுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

பிள்ளைக்கு இரண்டாம் வாக்கியத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. முதல் வாக்கியத்தை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். அது இல்லாமல் இரண்டாவதை வைக்க முடியாதா என்றார். முடியாது, அது இதன் தோளில்தான் நிற்கிறது என்றேன்.

"நாளைக்கு இதை வாசிப்பேரா?"

விசாரணை நடந்தால் வாசிப்பேன் என்றேன். நடக்காவிட்டால்? கட்டி வைத்துவிடுவார்கள், யாரும் பிரிக்கப்போவதில்லை. பல வருட அனுபவத்தில் சொல்கிறேன் என்றேன்.

அந்த நேரத்தில் சிவகாமி அம்மாள் காபியோடு வந்தார். தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுக் கணவரிடம் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"மகளுக்கு ஒம்பதாம் மாசம் பொறந்தாச்சு. அந்தம்மா ஊரை விட்டுப் போனா, நீங்களே மனுவும் கம்பும் வெச்சுப் பேறு பாத்துக்கிடுங்க. நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன்."

பிள்ளை துண்டை உதறித் தோளில் போட்டார். பத்து மணிக்கெல்லாம் வில்வண்டி கட்டித் தாலுகா கச்சேரிக்குப் போய்விட்டார். மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது ஊர் கூடியிருந்தது. மனுவை வாபஸ் வாங்கிவிட்டதாக அறிவித்தார். பிள்ளை பெறுகிற பெண்களின் காரியம், அதில் போய் நம் கிணறு, உம் கிணறு என்று பார்ப்பது குடும்பத்துக்கு அழகா என்று கேட்டார். அழகில்லை என்று ஊர் ஒத்துக்கொண்டது. ஒரு மாதமாக அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் உபதேசியார், பிள்ளைவாள் பெரிய மனசு என்று மூன்று முறை சொன்னார்.

ஞானபாய் அன்று மாலை என்னிடம் கேட்டது ஒன்றுதான். குழாய் போட எத்தனை நாள் ஆகும்? ஈஸ்டருக்கு முன்னால் முடியும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாளியைக் கிணற்றில் இறக்கினார்.

அறிக்கை கச்சேரியில் சிவப்பு நாடாவுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. முதல் வாக்கியமும் இரண்டாம் வாக்கியமும் அங்கே ஒன்றாக நிம்மதியாக இருக்கின்றன. இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிரதமன் என்கிற பாயசம் போட்டார்கள். இரண்டு முறை வாங்கிக்கொண்டேன். ஊருக்குப் புறப்பட மூட்டை கட்டினேன். கோலை மட்டும், நீர்மட்டம் இராத்திரி முழுவதும் மாறாமல் நிற்கிறதா என்று ஒரு கடைசி அளவு எடுத்துவிடலாமென்று கிணற்றிலேயே விட்டிருந்தேன். நடந்து முடிந்த வழக்கில் அது யாருக்கும் தேவையில்லாத அளவு. அப்படிப்பட்டவற்றை எடுக்காமல் எனக்குத் தூக்கம் வராது.

மார்ச் 14, சனி. விடிந்ததும், பல் துலக்குவதற்கும் முன்னால், கிணற்றடிக்குப் போனேன். போற்றி எனக்கு முன்பே வந்திருந்தார். ஈர வேட்டி, கையில் செப்புக் குடம், கயிறு சுற்றியபடியே இருந்தது. கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். கோல் கரிக்கோட்டில் அசையாமல் நின்றது. ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

என்ஜின் இன்றைக்கு ஓடுமா என்று கேட்டார். குழாய் வந்த பிறகுதான் என்றேன். அப்போதும் குடத்தை இறக்கவில்லை. தோப்பின் பக்கம் ஒரு முறை பார்த்தார். அங்கே ஞானபாயின் வாளி கப்பியில் கிறீச்சிட்டது.

"சாரே, அந்தக் கம்ப மட்டும் எடுத்திரும்" என்றார். "அது கெடந்தாத்தான் ஒரே வெள்ளம். எடுத்துட்டா ரெண்டும் வேற வேறதான்."

அன்று காலையில் நான் செய்த முதல் வேலை, கோலைக் கிணற்றிலிருந்து எடுத்தது. காபி அதற்குப் பிறகுதான்.